அசமுகியின் கையும் சிங்கமுகனின் கடனும்

யாழ்ப்பாணத்துப் புராணபடன மண்டபத்திலாயினும், றொசல்ல, அட்டன் பகுதித் தோட்டக் கோயிலொன்றின் முன்றிலிலாயினும், கந்தபுராணக் கதை கேட்டு வளர்ந்த தமிழர்க்கு அசமுகி என்னும் பெயர் புதியதன்று. சூரபன்மனின் தங்கை, ஆட்டுமுகம் உடையவள், இந்திராணியைப் பற்றி இழுத்துக் கையிழந்தவள். அவளை அறிமுகப்படுத்தும் சொற்பொழிவாளர் பலர் ஒரு தீர்ப்பையும் உடன் வழங்கிவிடுகின்றனர்: “அசமுகியால் அசுரர் குலம் அழிந்தது.” சூர்ப்பணகையின் மூக்கு இலங்கையை அழித்தது, அசமுகியின் கை வீரமகேந்திரத்தை அழித்தது. ஒரு பெண் ஒரு குலத்தைக் கெடுத்தாள். கேட்போர் தலையசைக்கின்றனர். இத்தீர்ப்பு நூலுக்குப் பொருந்துமா என்பது ஆராயப்பட வேண்டும்.

கச்சியப்ப சிவாச்சாரியார் கூறும் நிகழ்ச்சி வரிசையை முதற்கண் நோக்குவோம். அசுரேந்திரன் மகள் சுக்கிரனிடம் மாயவித்தைகளைக் கற்று மாயை எனப் பெயர் பெற்றாள். காசிபனை மயக்கிப் பிள்ளைகளைப் பெறுமாறு அவளை ஏவியவன் அச்சுக்கிரனே. சூரன், சிங்கமுகன், தாரகன், அசமுகி ஆகியோர் அவ்வாறு பிறந்தவர்கள். வரம்பெற்று ஆயிரத்தெட்டு அண்டங்களையும் ஆளத் தொடங்கிய சூரன், தேவரை ஏவல் செய்வித்தான். மீன் சுமக்கவும் வைத்தான். இந்திராணியைக் கைப்பற்ற விரும்பி ஆள் விடுத்தவனும் அவனே. அதற்கு அஞ்சியே இந்திரன் மனைவியுடன் சீகாழியில் மறைந்து வாழ்ந்தான். பின்னர் அவன் கயிலைக்குச் சென்றபொழுது இந்திராணியை ஐயனாரின் காவலில் விட்டுச் சென்றான். அசமுகி துன்முகியுடன் அங்கு வருவது இதற்குப் பின்னரேயாகும். காவல் நின்ற மாகாளர் அவர்களின் கைகளை வெட்டினார்.

எனவே, அசமுகி ஒரு பகையைத் தொடக்கி வைத்தவள் அல்லள். தமையன் தொடக்கிய வேட்டையில் தானாகச் சென்று சேர்ந்தவள். அவள் குற்றமற்றவள் என்பது இதன் பொருளன்று. இன்னொரு பெண்ணைத் தமையனுக்குப் பரிசாக்க அவளைக் கையைப் பற்றி இழுத்தாள். துர்வாசரையும் வலிந்து பற்றியே வில்வலன், வாதாபி என்போரைப் பெற்றாள். அவள் செய்தது கொடுமையே. ஆயினும் கொடுமைக்குப் பங்காளியாதல் வேறு. கொடுமைக்கு மூலமாதல் வேறு.

வெட்டுண்ட கையைக் கண்ட சினத்தினாலன்றோ சூரன் தேவரைச் சிறையிட்டான் என்று எதிர்க்கட்சியார் வினவுவர். அவ்வாறே வைத்துக்கொள்வோம். முருகவேள் வீரவாகுதேவரைத் தூதாக அனுப்பியபோது கேட்டது யாது? தேவரைச் சிறைவிடுக என்பதொன்றே. மறுத்தவன் யார்? சூரன். அந்த மறுப்பே போருக்கு நேர்க் காரணம். அம்மறுப்பில் அசமுகியின் கை எங்கே உள்ளது?

இவ்விடத்திற் சிங்கமுகனையும் நினைத்தல் தகும். தேவரை விடுவிப்பதே நன்று எனத் தமையனுக்கு எடுத்துரைத்தவன் அவன். சொல் ஏலாதபோது அதே தமையனுக்காகப் போர்க்களம் புகுந்து மடிந்தான். அவனைச் செஞ்சோற்றுக் கடன் கழித்தவன் என்றும், கும்பகருணனுக்கு நிகரானவன் என்றும் நம்மவர் போற்றுகின்றனர். தீமை எனத் தெரிந்தே தீமையின் பக்கம் நின்றவனுக்குக் கண்ணீர். அத்தமையனுக்கே தொண்டு செய்யச் சென்ற தங்கைக்குச் சாபம். இருவரும் இரண்டாம் நிலைப் பகைவரே. ஆணின் தொண்டு கடனாகவும் பெண்ணின் தொண்டு கேடாகவும் எண்ணப்படுவது எந்த நீதியின்பாற்படும்?

இன்றைய சிறுவர் காணும் சூனியக்காரியர் கதைகளிற்கூட இதனினும் தெளிந்த நோக்கு உண்டு. 2020 முதல் 2023 வரை வெளிவந்த ‘தி அவுல் ஹவுஸ்’ என்னும் அமெரிக்க அசைவூட்டத் தொடரில் லிலித் என்பவள் கொடுங்கோலனான பேரரசனுக்குப் பணிபுரிகின்றாள். தங்கையைப் பீடித்த சாபத்தை அவன் நீக்குவான் என்பது அவள் நம்பிக்கை. அச்சாபத்தை இட்டவளும் அவளேயாவாள். அரசனின் வாக்கு பொய்யெனக் கண்டதும் அவனை விட்டு நீங்கிச் சாபத்திற் பாதியைத் தானே ஏற்கின்றாள். அவளது குற்றம் மறைக்கப்படவில்லை; அரசனின் குற்றம் அவள்மேல் ஏற்றப்படவுமில்லை. ஏவியவர் யார், பயன் பெற்றவர் யார், விலகும் வழி இருந்ததா என்னும் மூன்று வினாக்களும் அங்கு முறையாகக் கேட்கப்படுகின்றன.

இவ்வினாக்கள் புராணத்துக்கு மட்டும் உரியனவல்ல. றொசல்ல நிலையத்தில் இறங்கித் தேயிலை மலை ஏறும் எவரும் அவற்றை அங்குள்ள லயங்களின் வரலாற்றிலும் காண்பர். தமிழகத்துச் சிற்றூர்களிலிருந்து ஆள்கட்டி வந்தவன் கங்காணி. முன்பணம் கொடுத்துக் கடனிற் பிணித்தவன் அவன். பிரட்டுக்களத்தில் நின்ற ஒவ்வொரு தலைக்கும் தனக்கெனக் காசு பெற்றவன் பெரியகங்காணி. மலையக நாட்டார் பாடல்கள் அவனைக் கடுமையாக ஏசுவதில் வியப்பில்லை. அவன் உறவினன்போல் வந்து ஊரையே விலைபேசியவன். அவனை மன்னிக்கும்படி எவரும் கேட்கவியலாது.

ஆயினும் அவன் கட்டிவந்த ஆட்களின் உழைப்பாற் செழித்தது யார்? கூட்டத்தின் கடனை எழுதி ஒரு தோட்டத்திலிருந்து மறு தோட்டத்துக்கு மாற்றிய துண்டு முறையால் ஆள் பெற்றது யார்? துரைமாரும் கம்பெனிகளுமே. துண்டு முறை 1921இற் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. காலப்போக்கிற் பெரியகங்காணியின் ஆட்சியும் தேய்ந்தது. ஆனால் கூலியின் குறைவு அவனோடு போய்விடவில்லை. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தால் மலையகத் தமிழரை நாடற்றவராக்கியது பாராளுமன்றம், கங்காணி அல்லன். 1964இல் 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்பதென்று அம்மக்களைக் கேளாமலே கணக்குப் பிரித்தவர்கள் இரு நாட்டுப் பிரதமர்கள். எல்லாத் துன்பத்துக்கும் கங்காணியே காரணமென்று கதையை முடித்திருந்தால், இவற்றுக்கு விடையே கிடைத்திராது.

இரண்டாம் பகைவரின் மேல் முழுப்பழியையும் சுமத்துவது முதற் பகைவனுக்கு மிகவும் உவப்பான செயல். சிம்மாசனத்தில் இருப்பவனை விட்டு, வாயிலில் நிற்பவரையே கேட்போர் வெறுப்பர். வாயிலில் நிற்பவர் பெண்ணாயின் அவ்வெறுப்பு இன்னும் எளிதிற் பற்றிக்கொள்ளும்.

சூரன்போரிற் பாவையின் தலை மாறுகின்றது. யானைமுகத்துத் தாரகன் வருகின்றான், சிங்கமுகன் வருகின்றான், ஈற்றிற் சூரனே வருகின்றான். வேல் இறுதியாகப் பாய்வது சூரன்மீது. தண்டனைக்குரிய முதல்வன் யார் என்பதில் நூலாசிரியர்க்கு ஐயம் இருக்கவில்லை. ஐயம் உரைகூற வந்தவர்களுடையது. அசுரகாண்டத்தை முழுமையாகப் படித்துவிட்டு அவர்கள் மேடை ஏறுவார்களாக. அசமுகியை அவள் செய்த குற்றத்துக்காகக் கண்டிக்கட்டும். சூரனின் குற்றத்தைச் சூரனிடமே விட்டுவிடட்டும்.