வானொலியும் கணிப்பொறியும்

இரண்டு கருவிகள் தனித்தனியே குற்றமற்றனவாயிருப்பினும், அவற்றை இணைக்கும் இடம் பழுதுபட்டிருப்பின் இரண்டும் பயனற்றனவேயாம். அமெச்சூர் வானொலியைக் கணிப்பொறியோடு பொருத்த முயன்றோர் இதனை நன்கறிவர். கடலூர், சிதம்பரம் பகுதி மாணவர் இவ்விணைப்புக் கலையைத் தம் கையாலேயே பயிலல் வேண்டும் என்பது எமது துணிபு.

பொட்டல வானொலி என்பது, ஒரு செய்தியைச் சிறு பகுதிகளாக்கி, ஒவ்வொன்றிலும் அனுப்புவோர், பெறுவோர் அடையாளமும் பிழை காணும் எண்ணும் சேர்த்து, அலைவழியே விடுக்கும் முறையாகும். 1978-இல் கனடாவின் மாண்ட்ரியால் நகர அமெச்சூர்கள் இதற்கு அடிகோலினர். இருமுனையிணைப்பில், பழுதுபட்ட பொட்டலம் ஏற்கப்படுவதில்லை, திரும்ப அனுப்பப்படும்.

இத்தகைய முயற்சிக்கு முன்மாதிரி தேடி நாம் கடல் கடந்து செல்ல வேண்டுவதில்லை. 1998-இல் எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம், புதுச்சேரியை அடுத்த வில்லியனூரை மையமாகக் கொண்டு, சிற்றூர்க் கணிப்பொறி நிலையங்களைத் தொலைபேசியாலும் வி.எச்.எஃப். வானொலியாலும் இணைத்தது. பேசுதற்கென அமைந்த வானொலிகளே அங்குக் கணிப்பொறிச் செய்தியையும் சுமந்தன. வீராம்பட்டினத்து மீனவர் அலையின் உயரத்தை ஒலிபெருக்கி வாயிலாக முன்னரே கேட்டறிந்தனர். 2004 டிசம்பர் 26 அன்று, சிங்கப்பூரிலிருந்து தொலைபேசியில் வந்த எச்சரிக்கையை நல்லவாட்டின் அறிவு மையத்து ஒலிபெருக்கி முழங்க, மக்கள் கரையை விட்டகன்று உயிர் பிழைத்தனர்.

அன்று தொலைபேசி பேசிற்று. ஆனால், 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையேறியபோது மின்கம்பங்கள் சாய்ந்தன. கம்பியையும் கோபுரத்தையும் நம்பியிருப்பதன் குறை வெளிப்பட்டது. 2015-இல் வெள்ளமும் நம் மாவட்டத்தை வருத்திற்று. அத்தகைய நாளில், ஒரு மின்கல அடுக்கைக் கொண்டு இயங்கும் வானொலியே துணை.

இனி இணைப்பின் நுட்பத்தை நோக்குவோம். டி.என்.சி. எனப்படும் முனைக்கருவியின் உள்ளே 5 வோல்ட் 'ஒன்று' எனவும், 0 வோல்ட் 'சுழி' எனவும் கொள்ளப்படும். ஆர்.எஸ். 232 வாயிலிலோ 'ஒன்று' எதிர்மின் 3 முதல் 15 வோல்ட். 'சுழி' நேர்மின் அவ்வளவு. அளவும் வேறு, திசையும் தலைகீழ். மாக்ஸ் 232 என்னும் சிறு சில்லும் சில மின்தேக்கிகளும் இவ்விரண்டிற்கும் துபாஷியாக நிற்கும். இக்காலக் கணிப்பொறிகளில் பெரும்பாலும் யு.எஸ்.பி. வாயிலே உண்டு, அதற்கு வாங்கும் மாற்றி எவ்வகையது என்று ஆராயாது இணைப்பின், கருவி கெடவுங் கூடும். வானொலிப் பக்கத்திலோ, 1200, 2200 ஹெர்ட்ஸ் ஒலிகளின் வலிமையை மின்தடைகளால் குறைத்தே ஒலிவாங்கி வழியிற் செலுத்தல் வேண்டும். வலிமை மிகின் ஒலி திரியும். செவிக்கு நன்றாயிருப்பினும் மறுமுனைக் கருவிக்கு விளங்காது.

இவற்றினும் பெரிய தடை ஒன்றுண்டு. டி.என்.சி. 2 போன்ற பழங்கருவிகள், ஆங்கில எழுத்துக்குப் போதுமான 7 பிட்டு அமைப்பிலேயே முதலில் இயங்குவன. யு.டி.எஃப். 8 முறையில் தமிழுக்கு 8 பிட்டும் இன்றியமையாதன. எட்டாம் பிட்டு உதிர்ந்தால் தமிழ் முழுதும் சிதையும். ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் மூன்று பைட்டு வேண்டும். 'கடல்' என்னும் சொல்லே பன்னிரண்டு பைட்டு. 256 பைட்டுள்ள பொட்டலத்தில் 85 குறிகளே அடங்கும். ஆதலின் கருவியை 8 பிட்டுக்கு மாற்றலும், எச்சரிக்கையைச் சுருங்க எழுதலும் ஒருங்கே பயிலத்தக்கன. பரங்கிப்பேட்டை மீனவர்க்கு ஆங்கில எச்சரிக்கை சென்று பயன் யாது?

கைப்பேசி இருக்க இவ்வுழைப்பு எதற்கு என்பார் உளர். நாள்தோறும் கைப்பேசியே போதும். அது வாய்மூடும் நாளுக்கே இது. ஆயத்தக் கருவி கடையிற் கிடைக்குமே என்பாரும் உளர். மழையிரவில் பழுதுபடும் கருவியைத் திறந்து பார்க்க அறிந்தவன் ஊரில் இல்லையேல் அதனாற் பயனென்ன?

எனவே, மாணவர் அரசின் தேர்வில் தேறி அமெச்சூர் உரிமம் பெறுக. பௌதிகத்துறை ஒரு நிலையம் அமைக்க. பழைய மாணவர் பயன்படா வானொலிகளை உதவுக. கெடிலக்கரையில் ஒன்று, சிதம்பரத்தில் ஒன்று, இடையே வெள்ளாற்றங்கரையில் அஞ்சல் நிலையம் ஒன்று; இம்மூன்றும் பிழையின்றித் தமிழ் பேசின், புயல் நாளில் நம் கடற்கரை ஊமையாகாது. பிறர்க்குதவும் கல்வியே கல்வி என்று கற்பிக்கும் கலாசாலைக்கு இதனினும் ஏற்ற பணி வேறு யாதுளது?