கணக்கேடு ஓட்டும் கார்

"புகையில்லா ஊர்தி பிறந்துவிட்டது, பூமியைக் காக்க வந்தவர்கள் நாங்கள்" என்று முழங்குகின்றனர் மோட்டார் முதலாளிகள். பளபளக்கும் விளம்பரம்! பச்சை இலை பொறித்த சின்னம்! பேச்சிலோ பரிவு சொட்டுகிறது, பாசம் வழிகிறது. கேட்போர் கிறுகிறுத்துப் போகின்றனர். நாடகம் எழுதிப் பழகிய எனக்கோ, மேடையில் ஒளி மிகுந்தால் ஒப்பனை அறையின் பக்கம் பார்வை ஓடும்.

அந்த அறையில் அமர்ந்திருப்பவர் யார்? விஞ்ஞானியா? அல்லர். உலக நலம் நாடும் உத்தமரா? அல்லர். கணக்கேட்டை விரித்து வைத்திருக்கும் கணக்கர்! எந்த எஞ்சின் சாக வேண்டும், எந்த மின்கலம் பிறக்க வேண்டும், எந்த ஊர் ஆலைக்குப் பூட்டு விழ வேண்டும் என்று எழுதுபவர் அவரே. தலைவிதி என்று கூறி நம்மை அடக்கியது ஒரு காலம். தொழில்நுட்ப விதி என்று கூறி அடக்கப் பார்ப்பது இந்தக் காலம். இரண்டுமே மனிதர் எழுதியவை. எழுதியவர் யார், எவருக்காக எழுதினார் என்று கேட்பதே பகுத்தறிவு.

நெடுந்தொலைவு போக வேண்டாம். சென்னையை அடுத்த வண்டலூரில் ஸ்டாண்டர்டு மோட்டார் ஆலை இருந்தது. 1961இல் ஹெரால்டு கார் செய்து பெயர் பெற்ற ஆலை. 1985இல் அங்கிருந்து ஸ்டாண்டர்டு 2000 என்றொரு கார் வெளிவந்தது. மேனி, இங்கிலாந்தின் ரோவர் காருடைய எழில் மேனி! நெஞ்சோ, பழைய வான்கார்டு காரின் வழிவந்த கிழட்டு எஞ்சின்! கையிலிருக்கும் பழையதைத் திருத்திப் பொருத்தினால் போதும் என்று முடிவு கட்டினர். வாங்கியவர் பெட்ரோல் ஊற்றியே நொந்தார். விற்பனை விழுந்தது. அந்தப் பத்தாண்டு முடியுமுன் உற்பத்தியும் நின்றது. மேனியை மாற்று, நெஞ்சை மாற்றாதே என்ற கணக்குக்குத் தண்டம் கட்டியது யார்? கணக்குப் போட்டவர் மட்டுமா? ஆலை வாயிலில் நின்ற பாட்டாளியும் அன்றோ!

கடல் கடந்தும் பாருங்கள். புகையில்லாக் கார்களை விற்றே ஆகவேண்டும் என்று கலிபோர்னியா மாநிலம் 1990இல் விதி செய்தது. 1996இல் ஜெனரல் மோட்டார்ஸ் 'ஈவி 1' என்ற மின்காரைக் கொண்டுவந்தது. விற்கவில்லை, குத்தகைக்கு விட்டது. ஓட்டியவர்கள் உவந்தனர். முதலாளிகளோ விதியை எதிர்த்து வழக்காடினர், விதி தளர்ந்தது. கார்கள் திரும்பப் பெறப்பட்டன. பெரும்பாலானவை நசுக்கி நொறுக்கப்பட்டன. செய்யத் தெரியாமலா நொறுக்கினர்? தெரிந்தது, செய்தும் காட்டினர். இலாபம் வரவில்லை என்பதே காரணம்.

இடையே வந்தது ஹைபிரிட் கார். பெட்ரோல் எஞ்சினும் மின்மோட்டாரும் கைகோத்துச் சுழலும் கலப்பு வண்டி. 1997இல் ஜப்பானின் டொயோட்டா அதை 'பிரியஸ்' என்ற பெயரில் விற்பனைக்குக் கொண்டுவந்தது. "நெடுந்தூரம் ஓடும் ஒரு மின்காருக்கு வேண்டிய மின்கலக் கனிமத்தைக் கொண்டு 90 ஹைபிரிட் கார்கள் செய்யலாமே!" என்று அந்நிறுவனம் வாதிடுகிறது. வாதத்தில் பொருள் இல்லாமலில்லை. ஆனால் அப்படி வாதிடுபவர் ஹைபிரிட் தொழிலில் பணத்தைக் கொட்டியவர் என்பதையும் சேர்த்து எண்ண வேண்டும்.

நம் நாட்டிலும் அதே கூத்து. 2025 செப்டம்பர் 22 வரை, பெரும்பாலான ஹைபிரிட் கார்களுக்குச் செஸ்ஸும் சேர்த்து 43 விழுக்காடு வரி. மின்காருக்கு 5 விழுக்காடு. அதன்பின் பெரிய ஹைபிரிட் காருக்கு 40. மின்காருக்கு அதே 5. 2024 ஜூலையில் உத்தரப்பிரதேச அரசு ஹைபிரிட் கார்களுக்குப் பதிவு வரியை நீக்கியதும், தொழிலதிபர்கள் இரு அணியாகப் பிரிந்து நின்றனர். ஹைபிரிட் செய்வோர், "எங்களுக்கும் சலுகை தருக!" என்றனர். மின்காருக்கு முதல் போட்டோர், "தரலாகாது!" என்றனர். இருவரும் பேசியது தூய காற்றைப் பற்றி. இருவரும் காத்தது தத்தம் முதலீட்டை!

ஒப்பனை அறையில் நடக்கும் உரையாடலை நான் எழுதினால் இப்படித்தான் எழுதுவேன்:

கணக்கர்: மின்கார் செய்தால் அரசின் சலுகை உண்டு, ஐயா.

முதலாளி: செய்வோம்!

கணக்கர்: அடுத்த ஆண்டு அந்தச் சலுகை குறைகிறதாம்.

முதலாளி: நிறுத்துவோம்!

கணக்கர்: ஆலையில் இருப்பவர்கள், ஐயா?

முதலாளி: எந்த ஆலை?

கற்பனை என்று சிரித்துவிடாதீர்கள். மறைமலைநகரை நினைத்துப் பாருங்கள்! தனித்தமிழ் தந்த அடிகளின் பெயர் தாங்கிய அந்த ஊரில், 1990களில் ஃபோர்டு ஆலை எழுந்தது. 2021 செப்டம்பரில், "பத்தாண்டில் 200 கோடி டாலருக்கு மேல் இழப்பு; இனி இந்தியாவில் கார் செய்யோம்" என்று அந்நிறுவனம் அறிவித்தது. குஜராத்தின் சனந்த் ஆலையையும் சேர்த்து ஏறத்தாழ 4,000 பேர் பாதிக்கப்படுவர் என்று நிறுவனமே கூறிற்று.

பின் நடந்ததைக் கேளுங்கள். 2022 பிப்ரவரியில் ஒன்றிய அரசின் 25,938 கோடி ரூபாய் ஊக்கத்தொகைத் திட்டத்தில் ஃபோர்டுக்கும் இடம் கிடைத்தது. "ஏற்றுமதிக்காக இங்கே மின்கார் செய்வது பற்றி ஆராய்கிறோம்" என்றனர். தொழிலாளர் நெஞ்சில் நம்பிக்கை துளிர்த்தது. மூன்றே மாதம்! மே மாதத்தில், "அந்த எண்ணம் இல்லை" என்று கைவிட்டனர். நியாயமான இழப்பீடு கோரித் தொழிலாளர் போராடினர். ஜூலையில் கடைசிக் கார் வெளியேறியது. 2024 செப்டம்பரில் மீண்டும் வருவதாகத் தமிழக அரசுக்கு விருப்பக் கடிதம் வந்தது. 2025 அக்டோபரில் 3,250 கோடி ரூபாய்க்கு ஒப்பந்தம். 2029 முதல் ஆண்டுக்கு 2,35,000 எஞ்சின்கள். 600க்கு மேற்பட்டோருக்கு வேலை. 2022இல் எஞ்சினில்லாக் காரை எண்ணியவர்கள், 2025இல் எஞ்சினோடு வருகின்றனர்! வரட்டும், வரவேற்போம். ஆனால் இடைப்பட்ட ஆண்டுகளில் அந்த ஆலையில் உழைத்தவனின் அடுப்பு எப்படி எரிந்தது என்று எந்தக் கணக்கேட்டில் எழுதியிருக்கிறது?

"இலாபம் பாராமல் தொழில் நடத்த முடியுமா?" என்று கேட்பர். முடியாது, தருமசத்திரம் நடத்தச் சொல்லவில்லை நாம். ஆனால் வரிச்சலுகை யாருடைய பணம்? நிலம் யாருடைய நிலம்? நம் மாவட்டத்தில் சிப்காட் விரிவாக்கத்திற்கு நிலம் தர மறுத்து மேல்மா உழவர்கள் 2023இல் போராடியதை மறந்திருக்கமாட்டீர்கள். மக்கள் முதல் போடுகிறார்கள் என்றால், மக்களும் பங்காளிகள். பங்காளிக்குக் கணக்குக் காட்டுவது சலுகையன்று, கடமை!

முடியாத காரியமா இது? சனந்த் ஆலையை டாடா நிறுவனம் 725 கோடி ரூபாய்க்கு மேல் கொடுத்து வாங்கியபோது, தகுதியுள்ள தொழிலாளரை எடுத்துக்கொள்வதும் ஒப்பந்தத்தில் இடம்பெற்றது. அங்கே ஏட்டில் எழுத முடிந்தது, இங்கே ஏன் முடியாது? 2025 ஆகஸ்டில் தூத்துக்குடியில் வியட்நாமின் வின்ஃபாஸ்ட் மின்கார் ஆலை திறக்கப்பட்டது. மகிழ்கிறோம். மறைமலைநகரின் பாடத்தையும் மறவாதிருக்கிறோம்.

அடி அண்ணாமலையில் கிரிவலப் பாதையோரம் ஆட்டோ நிறுத்திக் காத்திருக்கும் தோழரே! 'மாநகரத்து முதலாளி பேச்சு நமக்கெதற்கு?' என்று எண்ணாதீர். நாளை மின்ஆட்டோ வாங்குமாறு சொல்வர். விலை? வங்கிக் கடன்? மின்கலம் தேய்ந்தால் மாற்றும் செலவு? மின்னேற்ற நிலையம்? 2023 ஜூனில் மின் இருசக்கர வண்டிக்கான ஒன்றிய அரசின் மானிய உச்சவரம்பு, விலையில் 40 விழுக்காட்டிலிருந்து 15 விழுக்காடாக வெட்டப்பட்டதே! அறிவிப்பை நம்பி முதல் போடும் எளியவனை இடையில் கைவிடும் கொள்கை, கொள்கையா? பிஸ்டனும் வால்வும் இல்லாத வண்டி பெருகினால், அம்பத்தூரிலும் கோவையிலும் அவற்றைக் கடையும் சிறு பட்டறைகளின் கதி என்ன? உம் ஊர் மெக்கானிக்கின் கதி என்ன?

மாற்றம் வேண்டாம் என்போர் அல்லர் நாம். புகை ஏழையின் நெஞ்சில்தான் முதலில் புகுகிறது, அது ஒழியட்டும். நாம் கேட்பவை நான்கு. ஒவ்வோர் ஆலைக்கும் தந்த சலுகை எவ்வளவு, கிடைத்த வேலை எவ்வளவு என்று ஆண்டுதோறும் வெளியிடுக. சொன்ன சொல் தவறினால் சலுகையைத் திரும்பப் பெறுக. எஞ்சின் தொழிலாளிக்கும் மெக்கானிக்குக்கும் மின்வண்டிப் பயிற்சியை அரசும் முதலாளியும் சேர்ந்து அளித்திடுக. பொதுப்பணம் முதலில் பொதுப்பேருந்துக்கே செல்க. 2025 ஜூன் 30இல் சென்னையில் 120 மின்பேருந்துகள் ஓடத் தொடங்கின அல்லவா? முழுநிலா நாளில் இலட்சக்கணக்கானோர் சுற்றிவரும் 14 கிலோமீட்டர் மலைப்பாதைக்கும் அவை வரட்டும். காரில் வருபவனுக்கு மட்டுமல்ல, கால்நடையாய் வருபவனுக்கும் நல்ல காற்று வேண்டும்!

தோழர்களே! தெருமுனைக் கூட்டங்களில் இதைப் பேசுங்கள். படிப்பகத்தில் இதை வாதிடுங்கள். கார் எதனால் ஓடுகிறது என்பதோடு நில்லாமல், யார் கணக்கில் ஓடுகிறது என்று கேளுங்கள். அந்தக் கணக்கேட்டில் உழைப்பவன் பெயருக்கும் ஒரு பக்கம் ஒதுக்கச் செய்வோம். அதுவரை நமது கேள்வி ஓயாது!