சாரணர் விருதும் பெயர்ப்பலகையும்: எங்கள் பிள்ளைகளின் சேவை யாருக்கு?

வடக்கு கிழக்குப் பாடசாலைகளின் முகநூல் பக்கங்களில் அடிக்கடி ஒரே மாதிரியான படம் ஒன்றைக் காண்கிறேன். புதிதாக வர்ணம் பூசிய பஸ் தரிப்பிடம். முன்னால் சீருடையோடும் கழுத்தில் ஸ்காவோடும் ஒரு மாணவன். பக்கத்தில் அதிபர், பொறுப்பாசிரியர், பிரதேச சபை உறுப்பினர் ஒருவர். ஜனாதிபதி சாரணர் விருதுக்கான சமூகச் செயற்திட்டம் என்று கீழே குறிப்பு. வாழ்த்துகள் குவிந்திருக்கும். அந்த மாணவனின் உழைப்பில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அந்தச் செயற்திட்டத்தை யார் கேட்டார்கள், இரண்டு வருடம் கழித்து அது என்ன நிலையில் இருக்கும் என்பவை நாங்கள் பேசவேண்டிய விடயங்கள்.

இலங்கையில் சாரணியம் 1912இல் மாத்தளையில் தொடங்கியது. அங்கத்துவச் சின்னத்தில் ஆரம்பித்து, சாரணர் விருது, மாவட்ட ஆணையாளர் விருது, பிரதம ஆணையாளர் விருது என்று படிப்படியாக ஏறி, கடைசியில் கிடைப்பதுதான் ஜனாதிபதி விருது. கயிற்று முடிச்சும் முதலுதவியும் பாசறையும் மட்டும் தெரிந்தால் போதாது. சமூகத்துக்குப் பயன்படும் வேலை ஒன்றைத் தானே திட்டமிட்டு, மற்றவர்களைச் சேர்த்து, செய்து முடித்து, பதிவேட்டில் எழுதிக் காட்டவேண்டும். உயர்தரப் பரீட்சையும் ரியூசனும் கழுத்தை நெரிக்கும் வயதில் ஒரு பிள்ளை இதைச் செய்வது சின்ன விடயமல்ல.

போருக்குப் பிறகு இந்த இயக்கம் எங்கள் பகுதிகளில் மறுபடி வேர்விட்டிருக்கிறது. தேசிய ஜம்பொறி 2018இல் யாழ்ப்பாணத்திலும் 2024இல் திருகோணமலையிலும் நடந்தது. தெற்கிலிருந்து வந்த பிள்ளைகளும் எங்கள் பிள்ளைகளும் பக்கத்துப் பக்கத்துக் கூடாரங்களில் படுத்தெழும்பினார்கள். அதை நான் குறைத்து மதிப்பிடவில்லை.

ஆனால் விருதுவரை போகிறவர்கள் யார்? பெரும்பாலும் நகரத்துப் பெரிய பாடசாலைகளின் மாணவர்கள். பழைய மாணவர் சங்கம் இருக்கும், பயிற்சி பெற்ற பொறுப்பாசிரியர் இருப்பார், சீருடைக்கும் பாசறைக்கும் வீட்டில் காசு இருக்கும். வன்னியின் உட்கிராமப் பாடசாலைகளின் கதை வேறு. யாழ்ப்பாணத்திலிருந்து கஷ்டப் பிரதேச சேவைக்கு வரும் ஓர் இளம் ஆசிரியர் ஆர்வத்தோடு சாரணர் குழுவைத் தொடங்குவார். காலம் முடிந்ததும் இடமாற்றம் கிடைத்துப் போய்விடுவார். குழுவும் அதோடு முடிந்துவிடும். இரண்டாவது படியில் நின்ற பிள்ளை இரண்டாவது படியிலேயே நின்றுவிடும். திறமைக் குறைவால் அல்ல, கையெழுத்து வைக்க ஆளில்லாததால்.

இனிப் பெயர்ப்பலகைக்கு வருவோம். 2009க்குப் பின் மீள்குடியேறிய கிராமங்களில் வளர்ந்த பிள்ளைகளுக்குப் பலகைகள் புதிதல்ல. கிணற்றில் ஒரு பலகை, மலசலகூடத்தில் ஒரு பலகை, வீட்டுச் சுவரில் ஒரு பலகை. எந்த நாடு தந்தது, எந்த நிறுவனம் கட்டியது என்று எல்லாவற்றிலும் எழுதியிருக்கும். அந்த வீட்டில் இருந்தவர்களுக்கு ஒரே பெயர்தான்: பயனாளி. பயனாளிப் பட்டியலில் பெயர் வராதா என்று கிராம அலுவலரின் வாசலில் நின்ற தாய்மாரின் பிள்ளைகள் இவர்கள்.

அதனால்தான் சாரணர் செயற்திட்டத்தை நான் முக்கியமாகப் பார்க்கிறேன். வாங்கிப் பழக்கப்படுத்தப்பட்ட ஒரு சமூகத்தில், பதினாறு வயதுப் பிள்ளை தன் ஊருக்கு ஒன்றைச் செய்து கொடுக்கிறது. இது பெரிய மாற்றம். ஆனால் அந்தப் பிள்ளையும் கடைசியில் ஒரு பலகையை மாட்டி, பக்கத்தில் நின்று படம் எடுத்தால், நிறுவனங்கள் எங்களுக்குச் செய்ததையே நாங்கள் எங்கள் பிள்ளைகளுக்குப் பழக்குகிறோம்.

அமெரிக்காவில் இதற்கு நிகரான ஈகிள் சாரணர் தகுதிக்கு 1965 முதல் சேவைச் செயற்திட்டம் கட்டாயம். அங்கே ஒரு நல்ல நடைமுறை உண்டு. வேலை தொடங்கும் முன்னரே, அதனால் பயனடையப்போகும் அமைப்பு திட்டத்தைப் படித்துச் சம்மதித்துக் கையெழுத்திடவேண்டும். சாரணர் இயக்கத்துக்கே பயன்படும் வேலை செல்லாது. காசு சேர்ப்பதை மட்டும் செயற்திட்டமாகக் காட்டவும் முடியாது. எத்தனை மணித்தியாலம் வேலை செய்யவேண்டும் என்ற கணக்கு இல்லை, மாணவன் மற்றவர்களை எப்படி வழிநடத்தினான் என்பதே பார்க்கப்படும். அமெரிக்காவில் இருப்பதெல்லாம் எங்களுக்குப் பொருந்தாதுதான். ஆனால் முதலில் ஊரைக் கேள் என்பதற்கு டொலர் தேவையில்லை. சனசமூக நிலையத்திலும் மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்திலும் ஒரு மாலை போய் இருந்தாலே போதும்.

கேட்டால் என்ன சொல்வார்கள்? பஸ் தரிப்பிடத்துக்கு வர்ணம் பூசு என்று சொல்வது குறைவு. பஸ்ஸே வராத இடத்தில் தரிப்பிடம் எதற்கு? பிள்ளைகள் வெளிநாடு போய்த் தனித்துவிட்ட முதியவர்களை கிளினிக்குக்குக் கூட்டிப்போக ஆளில்லை என்பார்கள். மழை முடிந்ததும் பொதுக் கிணற்றை இறைக்கவேண்டும் என்பார்கள். போரில் அழிந்த பனைகளுக்குப் பதிலாக விதை நடுவது நல்லதுதான், ஆனால் முளைத்து வருவதை மாடு கடிக்காமல் யார் பார்ப்பது என்பார்கள். முகமாலைப் பக்கம் போனால் கண்ணிவெடி எச்சரிக்கையைச் சின்னப் பிள்ளைகளுக்கு விளங்கச் சொல்ல ஆள் வேண்டும் என்பார்கள்.

வன்னியில் ஒரு மாணவனின் வேலையைப் பார்த்தேன். பொதுச் சுகாதாரப் பரிசோதகரோடு பேசி, தன் ஊர்ப் பொதுக் கிணறுகளுக்கு எப்போது குளோரின் இடவேண்டும், எந்தக் கிணற்றுக்கு எந்த வீட்டார் பொறுப்பு என்று ஒரு கொப்பியில் அட்டவணை போட்டிருந்தான். கீழ் வகுப்பு மாணவர் இருவரை அதற்குப் பழக்கியும் இருந்தான். படம் எடுக்க அங்கே ஒன்றுமில்லை. இதை வைத்து நேர்முகத்துக்குப் போகலாமா, ஒரு மதிலாவது கட்டவேண்டுமா என்பதுதான் அவனுடைய கவலை. மதிப்பிடுகிறவர்கள் மாணவனிடம் கேட்கவேண்டியது, நீ போன பிறகு இதை யார் செய்வார்கள் என்ற கேள்வியை. அதற்கு அந்தப் பையனிடம் பதில் இருந்தது.

பலர் சத்தமாகப் பேசாத ஒரு விடயமும் உண்டு. நாடு குடியரசாகும் முன் இந்த விருது அரசியின் பெயரில் இருந்தது. இன்று ஜனாதிபதியின் பெயரில். காணாமல் ஆக்கப்பட்டவர்களின் உறவுகள் 2017 பெப்ரவரியில் கிளிநொச்சி வீதியோரத்தில் உட்கார்ந்தார்கள். ஜனாதிபதிகள் மாறினார்கள், பதில் வரவில்லை. அந்தக் கொட்டிலில் அண்ணனின் படத்தோடு இருக்கும் தாயின் இளைய மகன், அரசின் இலச்சினை பொறித்த சான்றிதழை வாங்கக் கொழும்புக்குப் போகும்போது வீட்டில் என்ன பேசுவார்கள்? சீருடை என்றாலே பயந்த ஊர்கள் எங்களுடையவை. சிவில் பாதுகாப்புத் திணைக்களம் முன்பள்ளி நடத்திய மண் இது. சாரணியத்தை நிறுவிய பேடன் பவல் இராணுவ அதிகாரியாக இருந்தாலும், இந்த இயக்கம் இராணுவப் பயிற்சி அல்ல. பாதுகாப்பு அமைச்சின் கீழ் இயங்கும் மாணவர் படையணி வேறு, இது வேறு. இதைப் பொறுப்பாசிரியர்கள் பெற்றோரைக் கூப்பிட்டு விளங்கப்படுத்தவேண்டும்.

அந்தப் பிள்ளை விருதை வாங்கவேண்டும் என்பதே என் கருத்து. அது அவன் உழைப்பின் கூலி, யாரும் போட்ட பிச்சை அல்ல. அதை வாங்குவதால் அண்ணன் எங்கே என்று கேட்கும் உரிமை ஒரு துளியும் குறையாது. போக மனமில்லை என்று ஒரு குடும்பம் சொன்னால், பாடசாலைக்குக் கெட்ட பெயர் என்று அவர்களை நெருக்கவும் கூடாது. சான்றிதழைப் பாடசாலையிலேயே அமைதியாகக் கொடுக்க ஏற்பாடு செய்யலாம்.

கல்வி வலயங்கள் நாளைக்கே செய்யக்கூடிய ஒரு காரியம் இருக்கிறது. சாரணர் பொறுப்பாசிரியர் இடமாற்றம் பெறும்போது, பதிவேடுகளையும் பிள்ளைகளின் படிநிலைகளையும் அதே பாடசாலையில் இன்னொருவரிடம் ஒப்படைக்காமல் விடுவிப்புக் கடிதம் கொடுக்கக்கூடாது. பாடசாலைத் தளபாடங்களுக்கு அப்படித்தானே செய்கிறோம், ஒரு கதிரை குறைந்தாலும் கேள்வி வருகிறது.