பழகாத உணவும் விலக்கப்பட்ட உணவும்

கொல்லிமலைக்குச் செல்லும் நம் குடும்பங்களின் வேனில் முதலில் ஏறுவது பிரியாணி தேக்சாதான். காரவள்ளிக்கு மேல் 70 கொண்டை ஊசி வளைவுகளிலும் அது சாயாமல் பார்த்துக்கொள்வதே ஒருவருக்கு வேலையாகிவிடுகிறது. செம்மேட்டில் இறங்கிப் பாய் விரித்து, கொண்டுவந்ததை உண்டு, ஆகாய கங்கை அருவியைப் பார்த்துவிட்டுத் திரும்புகின்றோம். மலையில் ஒரு வாய் உண்ணவில்லையே என்று யாரேனும் கேட்டால், "அங்கே ஹலால் கிடைக்காதே" என்கின்றோம். இந்த விடையில் பாதிதான் உண்மை என்று நாம் கருதுகின்றோம்.

அறுத்த முறை தெரியாத இறைச்சியைத் தவிர்ப்பது நம் கடமை. அதில் விவாதத்திற்கு இடமில்லை. ஆயினும் கொல்லிமலையின் நாடுகளில் ஒன்றான வாழவந்தி நாட்டின் மலைவாழ் மக்களுடைய அன்றாட உணவு இறைச்சியைச் சார்ந்ததன்று. சாமைச் சோறு, கேழ்வரகுக் களி, தினை, அவரை, பலா, வாழை, தேன், மிளகு என்று அது விரிகிறது. இவற்றில் எதைப் பற்றி நமக்கு ஐயம்?

ஆண்டுதோறும் ஆடிப்பெருக்கை ஒட்டிச் செம்மேட்டில் அரசின் சார்பில் வல்வில் ஓரி விழா நடைபெறுகிறது. கடையெழு வள்ளல்களில் ஒருவரான ஓரியின் பெயரால் வில்வித்தைப் போட்டியும், மலர்க் கண்காட்சியும், துறைகளின் அரங்குகளும் அமைகின்றன. சாலையோரமெங்கும் தின்பண்டக் கடைகள் முளைத்துவிடும். ஒரு கடையில் ஆட்டுக்கால் சூப் என்று கேட்டதும், நம் பிள்ளைகளில் ஒருவன், "அத்தா, இது ஹலாலா?" என்று தயங்கினான். கடைக்கார அம்மா சிரித்துக்கொண்டே, பழுப்பு மயிர் மூடிய ஒரு கிழங்கை அவன் கையில் வைத்தார். "ஆடே இல்லீங்க, கெழங்குதானுங்க." பாறையிலும் மரத்திலும் படரும் பெரணி வகை அது, முடவாட்டுக்கால் என்பது அதன் பெயர். தோலைச் சீவி நறுக்கி, மிளகு, சீரகம், சின்ன வெங்காயத்தோடு கொதிக்க வைக்கின்றனர். பிள்ளை இரண்டாவது குவளையும் கேட்டான்.

கோவில் படையல் வேறு. அதை நாம் பெற்றுக்கொள்வதில்லை. பணிவாகச் சொன்னால் எவரும் வருந்துவதுமில்லை. அதற்காகச் சாலையோரக் கிழங்குச் சாற்றையும் பலாச்சுளையையும் சேர்த்து ஒதுக்குவது பேணுதல் ஆகாது.

நபி (ஸல்) அவர்களின் முன் ஒருமுறை பொரித்த உடும்புக் கறி வைக்கப்பட்டது. அவர்கள் கையை எடுத்துக்கொண்டார்கள். இது ஹராமா என்று காலித் பின் வலீத் (ரலி) வினவியபோது, இல்லை, தம் சமூகத்தாரின் பூமியில் இல்லாததால் தமக்கு விருப்பமில்லை என்றே விளக்கினார்கள். காலித் (ரலி) அவர்கள் அதை அங்கேயே உண்டார்கள், நபியவர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பழக்கமின்மைக்கும் விலக்கலுக்கும் இடையே இவ்வளவு தெளிவான கோடு இருக்க, நாம் நம் நாவின் தயக்கத்திற்கு மார்க்கத்தின் பெயரைச் சூட்டுவது முறையா?

உணவகங்களின் நிலையையும் சொல்ல வேண்டும். செம்மேட்டில் இட்லியும் பரோட்டாவும் கேட்டவுடன் கிடைத்தன. சாமைச் சோறு கேட்டபோது, முதல் நாளே சொல்லியிருக்க வேண்டும் என்றார்கள். இதன் பின்னால் ஒரு வரலாறு உண்டு. சாமையின் உமி கடினமானது. மணியோ மிகச் சிறியது. அதை உரலிலிட்டுக் குத்திப் புடைப்பது பெண்களின் முதுகை முறிக்கும் வேலை. சமவெளியின் சவ்வரிசி ஆலைகளுக்காக மரவள்ளி பயிரிட்டால் கையில் பணம் வந்தது. நியாயவிலைக் கடை அரிசி 2008இல் கிலோ ஒரு ரூபாய்க்கு வந்து, 2011இல் இலவசமானது. இத்தனைக்குப் பிறகும் சாமை விதைக்கவில்லையே என்று அம்மக்களைக் குறை கூற நமக்கு உரிமையில்லை. எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1990களில் தொடங்கி இங்கே விதைகளைக் காக்கவும், உமி நீக்கும் சிறு இயந்திரங்களை ஊர்களுக்குக் கொண்டுவரவும் உழைத்தது. 2023ஆம் ஆண்டை ஐ.நா. சிறுதானிய ஆண்டாக அறிவித்தது. ஆனால் அரங்கில் வைத்துப் பார்க்கும் தானியம் வயலில் நிலைக்காது. வாங்கி உண்பவர் வேண்டும்.

அந்த வாங்குபவராக நாம் ஏன் இருக்கக் கூடாது? நபியவர்களின் இல்லத்தில் வாற்கோதுமை ரொட்டியே வழக்கமான உணவாக இருந்தது என்று பயான்களில் கேட்டு நெகிழ்கின்றோம். வீட்டிலோ கேழ்வரகுக் களியைக் கண்டால் முகம் சுளிக்கின்றோம்.

அடுத்த பயணத்தில் தேக்சாவை வீட்டிலேயே விட்டுச் செல்வதென முடிவெடுத்துள்ளோம். உணவகத்திற்கு முதல் நாளே தொலைபேசியில் சொல்லிவிடுவோம்: எட்டுப் பேருக்குச் சாமைச் சோறு, அவரைக் குழம்பு, இறைச்சி வேண்டாம். திரும்பும்போது பத்துக் கிலோ சாமை வாங்கிவர வேண்டும். நோன்புக் கஞ்சியில் நொய்யரிசிக்குப் பதிலாக ஒருநாள் அதைப் போட்டுப் பார்க்கலாமா என்று பள்ளிவாசலில் கஞ்சி காய்ச்சும் பெரியவரிடம் கேட்டோம். தண்ணீர் எத்தனை பங்கு என்று மட்டும் விசாரித்து வரச் சொல்லியிருக்கிறார்.