இரண்டு பேருக்கு எத்தனை கதிரை?

எங்கள் கிழக்குக் கரையில் பெண்பிள்ளை ஒன்று பிறந்தால் வாப்பாமார் யோசிக்கத் தொடங்குவது வளவைப் பற்றித்தான். எந்த மூலையில் அவளுக்கு வீடு கட்டுவது, எந்த வருடம் அத்திவாரம் போடுவது, அதற்காக யார் கடல் கடந்து போவது? மருதமுனை, சாய்ந்தமருது, நிந்தவூர், அக்கரைப்பற்று என்று எந்த ஊரை எடுத்தாலும் கதை பெரிதாக மாறாது. திருமணம் முடிந்ததும் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருகிறார். பெண்ணுக்கென்று ஒரு கூரை இருப்பது நல்ல விடயம். அந்தக் கூரையை நான் குறை சொல்ல வரவில்லை. அதற்குக் கீழே இரண்டு பேர் தங்கள் சொந்தக் கையால் வாழப் பழகுவதற்கு நாங்கள் ஏதாவது இடம் வைக்கிறோமா என்பதுதான் என் கேள்வி.

கடந்த வருடம் என் ராத்தா புது வீட்டுக்குக் குடிபுகுந்தார். சாப்பாட்டு மேசைக்கு 6 கதிரை, மண்டபத்தில் 5 பேர் இருக்கக்கூடிய சோபா செட், விறாந்தையில் 4 கதிரை. வீட்டில் இருக்கப் போகிறவர்கள் இரண்டு பேர். கண்ணாடி அலுமாரி நிறையக் கோப்பைகள். அவற்றில் யாரும் தேநீர் குடித்ததை நான் இன்னும் காணவில்லை. சலவை இயந்திரமும் பெரிய குளிர்சாதனப் பெட்டியும் தவணைக்கு எடுத்தவை. உம்மாவின் காப்பு இரண்டு அடகில். இரண்டு வருடம் மட்டும் என்று சொல்லி வாப்பா மறுபடியும் கட்டாருக்குப் போயிருக்கிறார். முன்பும் இரண்டு வருடம் மட்டும் என்றுதான் போனார்.

இவ்வளவும் இருந்த வீட்டில் விறகு மூட்ட ஓர் அடுப்பு இல்லை. முற்றம் முழுக்கக் கல் பதித்தாயிற்று. வளவின் ஓரத்தில் நின்ற முருங்கையை, மயிர்க்கொட்டி விழுகிறது என்று சொல்லித் தறித்துவிட்டார்கள். இப்போது ராத்தா முருங்கையிலையைச் சந்தையில் காசு கொடுத்து வாங்குகிறார்.

நான் உயர்தரத்தில் வர்த்தகப் பிரிவில் படிப்பவள். கணக்கீட்டுப் பாடத்தில் பெறுமானத் தேய்வு என்று ஒன்று வரும். சோபாவின் பெறுமதி வருடா வருடம் குறையும். அதை வாங்கிய கடனின் வட்டி குறையாது. முருங்கை மரமோ வருடா வருடம் கூடுதலாகக் காய்க்கும். நாங்கள் தேய்கிற பொருளைக் கடனுக்கு வாங்கி, வளர்கிற பொருளைத் தறித்து எறிகிறோம். இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கப் பரீட்சை எழுதியிருக்கத் தேவையில்லை.

சிக்கனமெல்லாம் இல்லாதவர்களின் பேச்சு என்று நினைக்கிற சகோதரிகள் 2022ஆம் ஆண்டை ஒருமுறை நினைத்துப் பாருங்கள். அப்போது எனக்கு 15 வயது. 2021 ஒக்டோபர் வரை 1,493 ரூபாவுக்கு விற்ற 12.5 கிலோ எரிவாயு, 2022 ஏப்ரலில் 4,860 ரூபாவானது. அந்த விலைக்கும் கிடைக்கவில்லை. மார்ச் 31ஆம் திகதி 13 மணித்தியாலம் மின்வெட்டு. எங்கள் ஒழுங்கையில் அடுப்பு எரிந்தது உம்மம்மாவின் குசினியில் மட்டும்தான். பொச்சுமட்டை, சிரட்டை, காய்ந்த தென்னோலை என்று அவர் வருடம் முழுக்கச் சேர்த்து வைத்ததைப் பார்த்துச் சிரித்தவர்கள்கூட அரிசிப் பானையைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். மூன்று வீட்டுச் சோறு ஓர் அடுப்பில் வெந்த நாட்கள் அவை. எரிவாயு திரும்பி வந்த கையோடு எல்லோரும் அதை மறந்தும் போனோம்.

தன்னிறைவு என்பதை நான் கற்பனையாகப் பேசவில்லை. ஒரே இரவில் கட்டளையிட்டு வருகிற சாமானல்ல அது. 2021 மே மாதத்தில் இரசாயன உர இறக்குமதியை ஒரேயடியாக நிறுத்திவிட்டு, அந்த வருட முடிவுக்குள்ளேயே அந்தத் தடையைத் தளர்த்த வேண்டி வந்ததை அம்பாறை மாவட்டத்தில் வயல் செய்யும் குடும்பங்களுக்கு யாரும் விளக்கத் தேவையில்லை. மண்ணைப் பழக்க வருடங்கள் வேண்டும். வீடும் அப்படித்தான். அதனால்தான் முதல் நாளிலேயே சிறிதாகத் தொடங்க வேண்டும் என்கிறேன்.

அரிசியை எடுத்துக்கொள்வோம். எங்கள் நாட்டில் ஒருவர் வருடத்துக்கு 100 கிலோவுக்குச் சற்று மேலே அரிசி சாப்பிடுகிறார். இரண்டு பேருக்கும் வந்து போகிறவர்களுக்கும் சேர்த்து 250 கிலோ என்று வையுங்கள். 100 கிலோ நெல்லைக் குற்றினால் ஏறத்தாழ 65 கிலோ அரிசி வரும். ஆக 400 கிலோ நெல், அதாவது ஆறேழு மூடை. பெப்ரவரி, மார்ச்சில் மாரிப்போகம் வெட்டும்போது நெல் மலிவு. அப்போது வாங்கி, நன்றாகக் காயவைத்து, நிலத்திலும் சுவரிலும் முட்டாமல் பலகை மேல் அடுக்கிவிட்டால், தேவைக்கு அவித்துக் குற்றிக்கொள்ளலாம். அரிசியை விட நெல் நாள் தாங்கும். தவிடு கோழிக்குப் போகும். கோழியின் எரு வாழைக்குப் போகும். ஒரு சோபா செட்டின் காசில் இதை எத்தனை வருடம் செய்யலாம் என்பதை உங்கள் ஊர் விலைக்குக் கணக்குப் பார்த்துக்கொள்ளுங்கள்.

எங்கள் நிலம் கடல் மணல், அதில் என்ன வரும் என்று கேட்பார்கள். வரும். உம்மம்மா குழி வெட்டி, அடியில் பொச்சுமட்டையைத் தும்புப் பக்கம் மேலே இருக்கும்படி அடுக்கி, அதன் மேல் சாணமும் சருகும் போட்டுத்தான் கன்று வைப்பார். மட்டை ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும். மீன் கழுவின தண்ணீரும் அரிசி களைந்த தண்ணீரும் வாழையடிக்கு. கொச்சிக்காய், கத்தரி, வெண்டி, கறிவேப்பிலை, ஒரு தேசி மரம் இருந்தால் கறிக்கு மீனும் தேங்காயும்தான் வாங்க வேண்டியிருக்கும். மின்சாரத்திலும் இப்படி ஒரு கோடு இருக்கிறது. வீட்டுப் பாவனை மாதம் 60 அலகைத் தாண்டினால் முதல் அலகிலிருந்தே கூடிய கட்டணம். இரண்டு பேர் இருக்கிற வீடு அந்தக் கோட்டுக்கு உள்ளே நிற்கலாம், ஒவ்வோர் அறைக்கும் அலங்கார மின்குமிழ் பூட்டாவிட்டால்.

இனி, என் தோழிகளே என்னிடம் கேட்ட கேள்விக்கு வருகிறேன். “விறகு, நெல் அவித்தல், கோழி, தோட்டம்... இதெல்லாம் யார் செய்வது? நாங்கள் படித்து முடித்துவிட்டு உரலடிக்குத் திரும்பிப் போகவா?” நியாயமான கேள்வி. இந்தத் தலைப்பில் பேசுகிற பெரியவர்கள் அனேகமாகத் தாண்டிப் போகிற கேள்வியும் இதுதான். சிக்கனம் என்று மேடையில் சொல்லும்போது ஆண்கள் தலையாட்டுகிறார்கள். வீட்டில் அது ஒரு பெண்ணின் இடுப்பில் ஏறி உட்கார்ந்துகொள்கிறது. எரிவாயுவில் மிஞ்சிய காசு எல்லோர் கண்ணுக்கும் தெரியும். புகையில் எரிந்த கண் யாருக்கும் தெரியாது. உம்மம்மாவுக்கு இப்போது நீண்ட நேரம் குந்தியிருக்க முடியாது; அடுப்பைப் புகழ்கிற நான் அதையும் எழுதத்தான் வேண்டும்.

அதனால் என் கருத்து இதுதான்: வேலையில் இருவருக்கும் பங்கு இல்லாவிட்டால் அந்தச் சிக்கனம் வேண்டாம். எங்கள் ஊரில் இதற்குத் தடையாக இருப்பது ஆண்களின் சோம்பல் மட்டுமல்ல, எங்கள் உபசாரமும்தான். மச்சானுக்கு விறகு கொத்தத் தெரியும். வயல் வேலை தெரியும். ஆனால் அவர் எங்கள் வளவில் கோடரியைத் தொட்டால் உம்மா ஓடி வந்து பறித்துவிடுவார். “மாப்பிள்ளை விறகு கொத்துறதா?” மாமி வீட்டிலிருந்து மூன்று நேரமும் சாப்பாடு தட்டில் மூடிப் போகிறது. மச்சான் விருந்தாளியாகவே ஒரு வருடத்தைக் கழித்துவிட்டார். ராத்தாவும் தன் வீட்டில் தானே சமைத்துப் பழகவில்லை. அவர்களுக்கு நாங்கள் கொடுத்தது வீடுதான், குடித்தனம் இன்னும் உம்மாவின் கையிலேயே இருக்கிறது. மாதக் கடைசியில் காசு முடிந்தால் அதைப் பற்றி இரண்டு பேரும் உட்கார்ந்து பேசத் தேவை வருவதில்லை; வாப்பாவுக்குத் தொலைபேசி எடுத்தால் போதும்.

பாத்திமா (ரழி) அவர்கள் அலி (ரழி) அவர்களின் வீட்டுக்குப் போனபோது கொண்டு போன சாமான்கள் எங்கள் எல்லோருக்கும் தெரியும்: ஒரு போர்வை, நார் அடைத்த தோல் தலையணை, தண்ணீர்த் துருத்தி, திரிகைக் கற்கள், இரண்டு சாடி. மஹருக்காக அலி (ரழி) தன் கவசத்தைக் கொடுத்தார்கள். இந்தப் பட்டியலை நிக்காஹ் பயான்களில் அடிக்கடி கேட்கிறோம். வெளியே வந்து சோபா செட்டின் நிறத்தைப் பற்றிக் கதைக்கிறோம். அந்த வீட்டைப் பற்றி இன்னொரு செய்தியும் இருக்கிறது. திரிகை சுற்றிப் பாத்திமா (ரழி) அவர்களின் கை காய்த்துப் போனது. தண்ணீர் இறைத்து இறைத்து அலி (ரழி) அவர்களுக்கு நெஞ்சு நோவெடுத்தது. இரண்டு பேரும் சேர்ந்துதான் நபி (ஸல்) அவர்களிடம் போய்ப் பணியாள் ஒருவரைக் கேட்கத் துணிந்தார்கள். பணியாளுக்குப் பதிலாக அவர்கள் பெற்று வந்த தஸ்பீஹை நாங்கள் ஒவ்வோர் இரவும் ஓதுகிறோம். தண்ணீர் இறைத்த கையை மட்டும் பயான்களில் நான் அதிகம் கேட்டதில்லை.

உம்மாவிடம் இதையெல்லாம் சொன்னால் ஒரே பதில்தான். “ஊர் என்ன சொல்லும் மகள்?” அதை நான் அலட்சியமாக எடுக்கவில்லை. மாப்பிள்ளை வீட்டார் பெண் பார்க்க வரும்போது வீட்டையும் பார்க்கிறார்கள், சுவரையும் தட்டிப் பார்க்கிறார்கள். வீடு சிறிதென்றால் பிள்ளையின் மதிப்பும் சிறிதென்று கணக்கு. 2004 சுனாமியில் வீட்டோடு எல்லாவற்றையும் இழந்து, நிவாரணத்தில் கிடைத்த இரண்டு சட்டியோடு குடித்தனத்தை மறுபடி தொடங்கியவர் உம்மா. தன் பிள்ளைகள் நிறைந்த வீட்டுக்குள் போக வேண்டும் என்று அவர் ஆசைப்படுவதற்குக் காரணம் இருக்கிறது. ஆனால் அந்த இரண்டு சட்டிக் காலத்தைப் பற்றிப் பேசும்போதுதான் உம்மாவின் முகம் மலர்கிறது என்பதையும் நான் கவனித்திருக்கிறேன். யார் விறகு பொறுக்கினார்கள், யார் கிணற்றைத் துப்புரவாக்கினார்கள், முதல் முட்டையை யார் சாப்பிட்டார்கள் என்று எல்லாம் நினைவிருக்கிறது. அந்தக் கிணற்றில் இறங்கியது வாப்பா.

என் வீட்டுக்கான அத்திவாரம் ராத்தாவின் வீட்டுக்குப் பின்னால் போட்டுக் கிடக்கிறது. வரைபடத்தில் மூன்று அறையும் மேல்மாடிக்குப் படியும் இருக்கின்றன. இரண்டு அறை, ஒரு மண்டபம், பின்னால் புகை போகிற மாதிரி ஒரு குசினி போதும். மிச்சக் காசில் கடனை அடைத்துவிட்டு ஊருக்கு வாருங்கள் என்று வாப்பாவிடம் தொலைபேசியில் சொன்னேன். வாப்பா சிரித்துவிட்டு, “முதல்ல சோதனையைப் பாஸ் பண்ணுங்க மகள்” என்றார். வேண்டாம் என்று அவர் சொல்லவில்லை. நோன்புப் பெருநாள் முடிந்து மேசன் சுவர் எழுப்ப வருகிறார். அதற்கு முன் இன்னொரு தடவை பேச வேண்டும். கணக்கீட்டுக் கொப்பியின் பின்பக்கத்தில் நான் கீறிய படத்தை உம்மாவிடம் கொடுத்திருக்கிறேன். உம்மா இரண்டு நாள் அதை அலுமாரியில் வைத்திருந்தார். மூன்றாம் நாள் திருப்பித் தந்தபோது பென்சிலால் ஒரேயொரு திருத்தம் செய்திருந்தார்: குசினிக் கதவைக் கிணற்றுப் பக்கம் திருப்பிவிட்டிருந்தார்.