பாடத்துக்கு முன்னால் ஒரு கூடை

சென்ற தவணைப் பரீட்சைக்கு இரண்டு நாட்களுக்கு முன் ஓர் இரவு, வாப்பாவின் கைபேசியில் கணக்கீட்டுப் பாட வீடியோ ஒன்றைத் தேடினேன். கற்பித்தல் இணையத்தளம் ஒன்றில் கிடைத்தது. பாடத்தின் பெயருக்குக் கீழே விலையும், அதற்குப் பக்கத்தில் ‘கூடையில் சேர்க்க’ என்ற பொத்தானும் இருந்தன. அழுத்தினேன். கடைசிப் பக்கத்துக்குப் போனபோது, அச்சிட்ட டியூட்டுக்கும் தபாலுக்குமாக விலை கூடியிருந்தது. டியூட் வேண்டாம் என்று நீக்க வழியில்லை. பணத்தையும் வங்கி அட்டையால் மட்டுமே செலுத்தலாம். வட்டிக்குப் பயந்து வாப்பா கடனட்டை எடுத்ததே இல்லை. காசு எடுக்கும் அட்டையோ இணையத்தில் வேலை செய்யவில்லை. பாடத்தைப் பார்க்காமலே தூங்கப் போனேன்.

இதற்காகக் கூடையே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நான் வர்த்தகப் பிரிவில் படிப்பவள். ஆசிரியரின் உழைப்புக்கு விலை உண்டு. வியாபாரம் நமக்கு ஹலாலானது. கூடை இல்லாத முறையையும் நாம் அறிவோம். உம்மா பலாபத்வலையிலிருந்து மாத்தளைக்கு பஸ் ஏறி, வங்கி வரிசையில் நின்று பணம் வைப்பிலிட்டு, சீட்டைப் படமெடுத்து வட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டுக் காத்திருக்க வேண்டும். வகுப்பு பாதி முடிந்த பிறகு லிங்க் வந்த நாட்களும் உண்டு. ஒழுங்கான கூடை இருந்தால் பணம் செலுத்தியதும் பாடம் திறக்கும், பற்றுச்சீட்டும் கிடைக்கும். மாலை நேரத்தில் டவுன் வகுப்புகளுக்குப் பெண்பிள்ளைகளை அனுப்பத் தயங்கும் பெற்றோருக்கு இது பெரிய உதவி.

ஆனால் பாடம் என்பது சட்டைத் துணி அல்ல. 1945இல் கன்னங்கராவின் முயற்சியால் நம் நாட்டில் இலவசக் கல்வி வந்தது. 1980 முதல் பாடநூல்களும் இலவசமாகக் கிடைக்கின்றன. அவை 11ஆம் தரத்தோடு நின்றுவிடுகின்றன. உயர்தரத்துக்கு வந்ததும் கொப்பி, வழிகாட்டி, வகுப்பு என எல்லாவற்றுக்கும் காசு தேவை. அந்த நேரத்தில்தான் கூடையும் நம் முன்னே வந்து நிற்கிறது.

கூடை இல்லாமல் பாடம் தர முடியாதா? கல்வி அமைச்சின் ஈ-தக்சலாவ இணையத்தளம் மூன்று மொழிகளிலும் இலவசமாகவே இருக்கிறது. 2005இல் தொடங்கிய நூலகம் இணையத்தளத்தில் ஈழத்துத் தமிழ் நூல்களையும் சஞ்சிகைகளையும் யாரும் காசின்றி வாசிக்கலாம். அடிப்படைப் பாடம் இப்படித் திறந்திருக்கட்டும். நேரடி வகுப்பு, விடைத்தாள் திருத்தம், அச்சிட்ட டியூட் போன்ற மேலதிக உழைப்புக்குக் கூடையை வைப்பதுதான் நியாயம்.

அப்படி வைப்பவர்களிடம் சில கோரிக்கைகள். உம்மா சந்தையில் போஞ்சியை உடைத்துப் பார்த்துத்தான் வாங்குவார். அதுபோல ஒரு பாடத்தையாவது முழுமையாகப் பார்க்க விடுங்கள். தபால் செலவோடு மொத்த விலையையும் முதல் பக்கத்திலேயே போடுங்கள். வேண்டாத பொருளை எங்கள் கூடையில் நீங்களே போடாதீர்கள். வீடியோ எத்தனை நாளைக்குத் திறந்திருக்கும் என்று எழுதுங்கள். அட்டை இல்லாதவர்களுக்கு வங்கி வைப்பு, கைபேசிக் கொடுப்பனவு ஆகிய வழிகளையும் வையுங்கள். “இன்னும் இரண்டு மணித்தியாலம் மட்டுமே இந்த விலை” என்று ஓடும் கடிகாரத்தை எடுத்துவிடுங்கள். பரீட்சைப் பயத்தில் இருக்கும் பிள்ளையை அவசரப்படுத்துவது நேர்மையான வியாபாரம் அல்ல.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. இணையத்தில் செய்யும் ஒப்பந்தமும் 2006ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க இலத்திரனியல் கொடுக்கல் வாங்கல்கள் சட்டத்தின்படி செல்லுபடியாகும். அட்டையைப் பிள்ளையின் கையில் கொடுத்துவிட்டுப் போகாமல், பக்கத்தில் அமர்ந்து கடைசிப் பக்கத்தைச் சேர்ந்து வாசியுங்கள். மாதாமாதம் தானாகவே பணம் கழியுமா என்று பாருங்கள். “இது நமக்குக் கட்டாது மகள்” என்று சொல்ல வேண்டியிருந்தாலும் வெட்கப்படாமல் சொல்லுங்கள். நாங்கள் விளங்கிக்கொள்வோம்.

அன்றிரவு எனக்குத் திறக்காத பாடத்தை, மறுநாள் இடைவேளையில் தோழி ஒருத்தி தன் கொப்பியை விரித்துச் சொல்லித் தந்தாள். பரீட்சையில் அந்தக் கணக்கு வந்தது, செய்தேன். அப்படி ஒரு தோழி இல்லாத பிள்ளைக்கு யார் சொல்லித் தருவார்? கூடை வைக்கும் ஆசிரியர்கள் அவளையும் ஒரு தடவை நினைத்துப் பார்க்க வேண்டும்.