மடுவம் கற்பிக்கும் பாடம்

ஒருவர் வந்து ஒரு காரியத்தைக் கேட்டால், செய்து கொடுத்து அனுப்புவது எளிது. ஆயிரம் பேர் ஒரே கணத்தில் வந்து ஆயிரம் காரியங்களைக் கேட்டால் என்செய்வது? இக்கேள்வி இன்று நம் குடும்பங்களுக்குப் புறம்பானதன்று. க.பொ.த. பரீட்சை முடிவுகள் வெளியாகும் நாளில், இறக்குவானையிலோ தெரணியகலையிலோ உள்ள தோட்டத்து மாணவி தன் சுட்டெண்ணைக் கைத்தொலைபேசியில் இட்டுக் காத்திருக்கும் அதே நிமிடத்தில், நாடெங்கிலும் இலட்சக்கணக்கானோர் அதே வாசலில் நிற்கின்றனர். பக்கம் திறவாமல் சுற்றிக்கொண்டே இருந்தால், "இயந்திரம் பழுதாகிவிட்டது" என்று பெற்றோர் சலித்துக்கொள்வர். பல வேளைகளில் அங்கே பழுதுபட்டிருப்பது இயந்திரமன்று. வேலையைப் பங்கிடும் முறையே. அம்முறை எத்தகையது என்பதை இவ்வாரம் நாம் ஆராய்வோம்.

நிறுப்பது வேறு, ஆக்குவது வேறு

சப்ரகமுவ மாகாணத்துத் தேயிலைத் தோட்டங்களில் நாள்தோறும் நடைபெறும் ஒரு காரியத்தை நேயர்கள் நினைவிற் கொள்க. பெண்கள் பறித்த கொழுந்துடன் மடுவத்துக்கு வருகின்றனர். கணக்கப்பிள்ளை அதனை நிறுத்து, நிறையை அவரவர் பெயருக்கு நேரே பதிந்துவிடுகிறார். அவர்கள் மீண்டும் மலைக்கு ஏறுகின்றனர். கொழுந்தோ, 'ஸ்டோர்' என்று தோட்டத்தார் அழைக்கும் தொழிற்சாலையை அடைந்து, வாடி, அரைபட்டு, புளித்து, உலர்ந்து, பின்னரே தேயிலைத் தூளாகிறது. வாடுவதற்கு மாத்திரமே 12 மணி நேரமும் அதற்கு மேலும் செல்வதுண்டு.

கொழுந்து தூளாகி வரும்வரை, பறித்தவள் தராசடியிலேயே நிற்கவேண்டும் என்று ஒருவர் விதித்தால் எப்படியிருக்கும்? அவளுடைய அன்றைய வேலை கெடும். அவளுக்குப் பின்னால் நிற்போரின் கொழுந்தும் வெதும்பிப் பாழாகும். நிறுப்பது நொடியில் முடியும் வேலை; ஆக்குவது நேரமெடுக்கும் வேலை. இரண்டையும் பிரித்து வைத்த காரணத்தினாலேயே மடுவத்தில் வரிசை நகர்கிறது.

இணையத்தில் நம் வேண்டுகோள்களைப் பெறும் கணினியைச் சேவையகம் என்பர். ஒவ்வொரு வேண்டுகோளுக்கும் ஒரு பணியாளனை நிறுத்தி, வேலை முடியும்வரை அவனை அசையாது வைத்திருந்தால், பணியாளர் தீர்ந்தவுடன் வாசல் அடைபட்டுவிடும். ஒரே கணினி 10,000 பேருக்கு ஒரே சமயத்தில் பணிசெய்வது எங்ஙனம் என்ற வினாவை 1999 ஆம் ஆண்டில் டான் கேகல் என்னும் அமெரிக்க நிரலாளர் எழுப்பினார். 2004 இல் இகோர் சிசோயெவ் என்னும் ரஷ்யர் வெளியிட்ட 'என்ஜின்எக்ஸ்' என்னும் மென்பொருள் அதற்குச் சிறந்ததொரு விடையாயிற்று. ஒருவருக்குரிய மறுமொழி வரும்வரை சும்மா நில்லாது, அந்த இடைவேளையில் அடுத்தவரைக் கவனிப்பதே அதன் உபாயம். நீண்ட நேரம் பிடிக்கும் வேலைகளையோ, "பெற்றுக்கொண்டோம்" என்று சீட்டுக் கொடுத்துவிட்டு, பின்கட்டிலுள்ள பணியாளரிடம் ஒப்படைப்பர். இதனையே பின்புலப் பணி என்கிறோம்.

கவனிக்க வேண்டியவை

பின்கட்டில் பலர் ஒரே நேரத்தில் வேலை செய்யும்போது சில ஆபத்துகள் நேரும்.

முதலாவது, கணக்குப் பிசகு. ஒரு தொழிலாளியின் கணக்கில் 10 கிலோ உள்ளதெனக் கொள்வோம். இரண்டு எழுத்தர்கள் ஒரே நேரத்தில் அந்தப் 10 ஐப் பார்க்கின்றனர். ஒருவர் 4 ஐக் கூட்டி 14 என எழுதுகிறார். மற்றவர் 5 ஐக் கூட்டி அதன்மேல் 15 என எழுதுகிறார். இருக்கவேண்டியதோ 19. கள்வன் எவனுமின்றி 4 கிலோ மறைந்துவிட்டது! நிறையே கூலியைத் தீர்மானிக்கும் இடத்தில் இது சிறு பிழையாகுமா? ஆகவே, ஒருவர் ஏட்டைத் தொடும்போது மற்றவர் காத்திருக்க வேண்டும் என்பது விதி. வாசலில் நூறு பேரை ஒருங்கே வரவேற்கலாம். ஒரு பெயருக்கு நேரே எழுதும் கை ஒன்றாகவே இருக்கவேண்டும்.

இரண்டாவது, இரட்டிப்பு. 2022 ஜூலை மாதத்தில் நம் நாட்டில் எரிபொருள் பங்கீட்டுக்குக் கியூ.ஆர். குறியீட்டு முறை வந்து, 2023 செப்டெம்பரில் நிறுத்தப்பட்டது. மலைப்பாங்கான ஊரொன்றில் குறியீட்டைக் காட்டியபின், அலைவரிசை அறுந்து மறுமொழி வரவில்லை என்று வைத்துக்கொள்வோம். மீண்டும் காட்டினால், முச்சக்கர வண்டிக்காரரின் பங்கு இருமுறை கழியலாமா? கழியலாகாது. இதற்காகவே ஒவ்வொரு வேண்டுகோளுக்கும் ஓர் இலக்கமிட்டு, அதே இலக்கம் மறுபடி வந்தால் பழைய விடையையே தருவது நல்ல அமைப்பின் இலக்கணம்.

மூன்றாவது, சீட்டின் நாணயம். "பெற்றுக்கொண்டோம்" என்று சொன்னபின் மின்சாரம் நின்று, வேலை மறந்துபோனால் அச்சீட்டு பொய்யாகும். அழியாத ஏட்டில் முதலில் பதிதல், பின்னரே சீட்டுக் கொடுத்தல்: இவ்வரிசை மாறலாகாது.

நான்காவது, அளவறிதல். கோபன்ஹேகன் தொலைபேசிக் கம்பனியில் பணியாற்றிய ஏர்லாங் என்னும் கணித அறிஞர் 1909 இல் தொடக்கிவைத்த வரிசைக் கணிதம் ஓர் உண்மையைக் காட்டுகிறது. ஒழுங்கற்று வருவோரை ஒரே பணியாளன் கவனிக்கும் இடத்தில், அவன் பாதி நேரம் வேலையாயிருந்தால் சராசரியாக ஒருவரே அங்கிருப்பார். நேரத்தில் பத்தில் ஒன்பது பங்கு வேலையாயிருந்தால் 9 பேர். நூற்றில் தொண்ணூற்றொன்பது பங்கெனில் 99 பேர்! ஆகவே, கொள்ளளவின் விளிம்புவரை நிரப்புவது சிக்கனமன்று. 2013 ஒக்டோபர் 1 ஆம் திகதி அமெரிக்க அரசு தொடங்கிய சுகாதாரக் காப்புறுதி இணையத்தளத்தில் இலட்சக்கணக்கானோர் நுழைய முயன்றும், முதல் நாளில் காப்புறுதி பெற்றோர் அறுவர் மாத்திரமே. அமைப்பில் இருந்த குறைகள் பல. அவற்றைத் திருத்தியபோது, நெரிசல் வேளையில் வருவோரைக் காத்திருக்கச் செய்து முறைப்படி அழைக்கும் ஏற்பாட்டையும் அவர்கள் சேர்த்துக்கொண்டனர். வாசலில் மயங்கி நிற்கவிடுவதினும், "சற்றுப் பொறுத்து வாருங்கள்" என்று மெய் சொல்வது மேலன்றோ?

வீட்டாருக்கும் மாணவருக்கும்

குடும்பத்தவர் செய்யத்தக்கது ஒன்றுண்டு. பக்கம் திறக்கத் தாமதித்தால் பொத்தானை ஓயாது அழுத்தாதீர்கள். ஒவ்வோர் அழுத்தமும் வரிசையில் இன்னொருவரைக் கொண்டுவந்து நிறுத்துகிறது. பணம் கட்டினாலோ விண்ணப்பம் அனுப்பினாலோ, திரையில் தோன்றும் இலக்கத்தைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். அதுவே உங்கள் சீட்டு.

கணினிக் கல்வி பயிலும் தோட்டத்து மாணவருக்கு ஒன்று கூறுவோம். இக்கலையின் நூல்கள் அயல்மொழியில் இருப்பது கண்டு மலைக்க வேண்டா. அவை கூறும் தத்துவத்தை உங்கள் அன்னையர் கொழுந்து மடுவத்தில் நாள்தோறும் கண்டு வருகின்றனர். விரைவாகப் பெறுதல், செவ்வையாகப் பதிதல், சாவகாசமாக ஆக்குதல், எவருடைய கணக்கிலும் ஒரு கிலோவேனும் குறையாது காத்தல்: இவற்றுள் கடைசியே எல்லாவற்றிலும் கடினமானது, அதனைக் கற்றவனே இத்தொழிலைக் கற்றவன்.